கையெழுத்துப் போடுமுன் நாமும் துப்பறிவோம்



துப்பறியும் கதை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தொப்பி போட்ட ஒரு ஆம்பளை, கையில் பூதக்கண்ணாடி, இடுப்பில் துப்பாக்கி. பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் மாத நாவல் அட்டையிலும் அந்த ஆள்தான் இருப்பார். "அதெல்லாம் பொழுது போகாதவங்க படிக்கிறது, நமக்கு எதுக்குங்க?" என்று சிலர் கேட்கலாம்.

இந்த மாதப் பாடத்துக்கு நாங்கள் அந்தக் கதைகளைத்தான் எடுத்திருக்கிறோம். காரணம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் நடப்பது போல எழுதப்பட்ட துப்பறியும் நாவல்கள் சில வந்திருக்கின்றன. அவற்றில் துப்பறிகிறவர் ஒரு பெண். அவர் கையில் துப்பாக்கி கிடையாது. போலீஸ் உத்தியோகமும் கிடையாது. அவர் செய்வது மூன்றே மூன்று வேலை. காகிதத்தை முழுசாகப் படிக்கிறார். சந்தேகம் வந்தால் கேட்கிறார். மற்ற பெண்கள் சொல்வதைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறார். இந்த மூன்றையும் நம் குழுக் கூட்டத்தில் நாமும் செய்யலாமே!

படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இதைச் சத்தமாக வாசியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். கடைசியில் கலந்து பேசக் கேள்விகள் தந்திருக்கிறோம். இந்த நாவல்கள் இங்கிலீஷில் எழுதப்பட்டவை. அதனால் கதையை நாங்களே சுருக்கிச் சொல்கிறோம்.

மூன்று விதவைகளும் ஒரு பெருக்கல் குறியும்

சுஜாதா மாஸி என்ற எழுத்தாளர் அமெரிக்காவில் வாழ்கிறார். 2018-ல் அவர் எழுதிய நாவலுக்கு நம் நாட்டில் 'எ மர்டர் ஆன் மலபார் ஹில்' என்று பெயர். மலபார் ஹில் என்பது மும்பையில் பணக்காரர்கள் வாழும் பகுதி. கதை நடப்பது 1921-ல்.

கதாநாயகி பர்வீன் மிஸ்திரி பார்சி இனத்துப் பெண். சட்டம் படித்தவர். அப்பாவின் வக்கீல் ஆபீசில் வேலை செய்கிறார். ஆனால் அந்தக் காலத்தில் பெண் கோர்ட்டில் நின்று வாதாட முடியாது. எனவே பத்திரம் எழுதுவது, உயில் பார்ப்பது போன்ற மேசை வேலைதான் அவருக்கு.

ஒரு ஆலை முதலாளி இறந்து போகிறார். அவருக்கு மூன்று மனைவிகள். மூவரும் கோஷா முறையில் இருப்பவர்கள். பெண்கள் கட்டை விட்டு வெளியே வர மாட்டார்கள், அந்நிய ஆண்களோடு பேச மாட்டார்கள். வீட்டுப் பொறுப்பைக் கவனிக்க ஒரு ஆண் காப்பாளர் இருக்கிறார். அவரிடமிருந்து வக்கீல் ஆபீசுக்கு ஒரு காகிதம் வருகிறது. மூன்று விதவைகளும் தங்களுக்கு வரவேண்டிய சொத்தைத் தர்ம காரியத்துக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் இருக்கிறது. மூன்று பேரின் கையெழுத்தும் இருக்கிறது.

பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். தர்மம் நல்ல காரியம். கையெழுத்தும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

பர்வீன் அந்தக் காகிதத்தை மறுபடி பார்க்கிறார். ஒருவர் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். அப்படியானால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று யார் படித்துக் காட்டியது? உள்ளது உள்ளபடி படித்துக் காட்டினார்களா? எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் நாளைக்கு இவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்விகளோடு பர்வீன் அந்த வீட்டுக்குப் போகிறார். ஆண் வக்கீலுக்குத் திறக்காத கதவு அவருக்குத் திறக்கிறது. மூன்று பேரையும் தனித்தனியாகச் சந்தித்துப் பேசுகிறார். பிறகு அந்த வீட்டில் ஒரு கொலையும் நடக்கிறது. கொலை செய்தது யார் என்பதைச் சொல்லிவிட்டால் கதை சப்பென்று போய்விடும், அதனால் விட்டுவிடுகிறோம். நமக்கு வேண்டியது அந்தப் பெருக்கல் குறிதான். எல்லோர் கண்ணிலும் பட்ட ஒரு குறியைப் பார்த்து, "இது என்ன?" என்று ஒரு பெண் கேட்டார். கதை அங்கேதான் தொடங்குகிறது.

பர்வீனும் அடிபட்டு எழுந்தவர்தான். கல்யாணமாகிக் கல்கத்தாவுக்குப் போன இடத்தில் புருஷனால் துன்பப்பட்டவர். மாதவிலக்கு நாட்களில் மாமியார் வீட்டில் அவரைத் தனி அறையில் ஒதுக்கி வைக்கிறார்கள். கடைசியில் பிறந்த வீடு திரும்புகிறார். நாலு சுவருக்குள் அடைபட்டிருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பியது அவர் கண்ணில் பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கதைக்குப் பின்னால் இருந்த நிஜப் பெண்

இது வெறும் கற்பனை இல்லை சகோதரிகளே. பர்வீனை உருவாக்கத் தூண்டுதலாக இருந்தவர்களில் முக்கியமானவர் கார்னீலியா சொராப்ஜி. 1866-ல் நாசிக்கில் பிறந்தவர். 1889-ல் இங்கிலாந்து போய் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். அங்கே சட்டம் படித்த முதல் பெண் அவர்தான். 1892-ல் பரீட்சை எழுதித் தேறினார். ஆனால் அப்போது அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. படிக்கலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது! 1920-ல்தான் அந்த விதி மாறியது.

ஊர் திரும்பியவர் இங்கேயும் பரீட்சைகள் எழுதினார். தேறினார். இருந்தும் பெண் என்பதால் வக்கீலாகப் பதிவு செய்ய மறுத்தார்கள். அவர் சும்மா உட்காரவில்லை. வட இந்தியாவிலும் வங்காளத்திலும் கோஷா முறையில் இருந்த விதவைகள், ஜமீன் குடும்பத்துப் பெண்கள் ஏராளம். அவர்கள் பேரில் சொத்து இருக்கும். ஆனால் அதைப் பற்றிப் பேச ஒரு வக்கீலைக்கூடச் சந்திக்க முடியாது, ஏனென்றால் வக்கீல்கள் எல்லாம் ஆண்கள். நடுவில் இருக்கும் சொந்தக்காரரோ, காரியஸ்தரோ சொன்னதுதான் அவர்களுக்குச் சட்டம். நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

இந்தப் பெண்களுக்கு உதவ அரசாங்கத்தில் ஒரு பெண் சட்ட ஆலோசகர் வேண்டும் என்று கார்னீலியா விடாமல் கேட்டார். 1904-ல் வங்காளத்தில் அந்த வேலை அவருக்கே கிடைத்தது. சுமார் இருபது வருஷம் ஊர் ஊராகப் போய் அவர்களைச் சந்தித்தார். அறுநூறுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் உதவினார் என்று சொல்கிறார்கள். 1921-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை வக்கீலாகப் பதிவு செய்தது. 1923-ல் வந்த சட்டம் நாடு முழுவதும் பெண்கள் வக்கீல் தொழில் செய்ய வழி திறந்தது. அப்போது கார்னீலியாவுக்கு வயது ஐம்பத்தாறு. பரீட்சையில் தேறி முப்பது வருஷம் ஆகியிருந்தது.

வீட்டு வேலைக்காரியும் கணக்குப் பிரியையும்

இப்படி இன்னும் இரண்டு கதாநாயகிகளைச் சொல்கிறோம்.

ஒருவர் மெய்ஸி டாப்ஸ். ஜாக்குலின் வின்ஸ்பியர் என்பவர் 2003-ல் எழுதத் தொடங்கிய நாவல் வரிசையில் வருகிறார். மெய்ஸியின் அப்பா லண்டனில் வண்டியில் காய்கறி விற்பவர். அம்மா இல்லை. மெய்ஸி பதின்மூன்று வயதில் ஒரு பணக்கார வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள். எல்லோரும் தூங்கிய பிறகு அந்த வீட்டுப் புத்தக அறையில் உட்கார்ந்து படிக்கிறாள். மாட்டிக்கொள்கிறாள். நல்லவேளை, வீட்டு அம்மா திட்டாமல் படிக்க வைக்கிறார். முதல் உலகப் போரில் நர்சாக வேலை செய்த மெய்ஸி, 1929-ல் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைக்கிறார். நம்மில் வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகள் பலர். ஒரு வீட்டில் வேலை செய்கிறவருக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரிகிற அளவு வேறு யாருக்குத் தெரியும்? அந்தக் கவனம்தான் மெய்ஸிக்கு மூலதனம்.

இன்னொருவர் காவேரி. பெங்களூரில் சுற்றுச்சூழல் பேராசிரியராக இருக்கும் ஹரிணி நாகேந்திரா 2022-ல் எழுதிய நாவலில் வருகிறார். கதை 1921-ல் பெங்களூரில் நடக்கிறது. காவேரி டாக்டர் ராமுவைக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூருக்கு வந்த சின்னப் பெண். கணக்கு என்றால் உயிர். ஒரு விருந்தில் கொலை நடக்கிறது. கேட்க நாதியில்லாத ஒரு பெண்மேல் சந்தேகம் விழுகிறது. "கொஞ்சம் பொறுங்க, உண்மையைப் பார்ப்போம்" என்று காவேரி புடவையைச் செருகிக்கொண்டு இறங்குகிறார்.

மூன்று பேரையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் காகிதத்தைப் பார்த்தார். ஒருவர் வீட்டைக் கவனித்தார். ஒருவர் கணக்குப் போட்டார். மூன்றும் பெண்கள் தினமும் செய்யும் வேலைகள்.

திருவல்லிக்கேணியில் கதை சொன்ன அம்மா

இங்கிலீஷ் கதைகள்தானா, நம்ம ஊரில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது.

1901-ல் பிறந்தவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். ஐந்தரை வயதில் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். புகுந்த வீடு சென்னை திருவல்லிக்கேணி. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கதை சொல்வதில் கெட்டிக்காரர். முதலில் ஒரு நாடகம் மனதில் உருவானபோது, அதை எழுத்தில் கொண்டுவர அவருக்குக் கை வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல அவருடைய தோழி பட்டம்மாள் எழுதினார். 'இந்திர மோகனா' என்ற அந்த நாடகம் 1924-ல் வந்தது. பிறகு எழுதக் கற்றுக்கொண்டார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி நடத்தத் தொடங்கினார். எழுதியது 115 நாவல்கள்! தமிழில் துப்பறியும் கதை எழுதிய முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். சுதந்திரப் போராட்டத்தில் மறியல் செய்து ஜெயிலுக்கும் போனார். 1960-ல் காலமானார்.

எழுதத் தெரியாத பெண்ணின் அறிவு குறைந்த அறிவு இல்லை என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அவருக்கு முதலில் தேவைப்பட்டது, சொன்னதைச் சொன்னபடி எழுதித் தந்த ஒரு தோழி. அந்த மூன்று விதவைகளுக்கும் தேவைப்பட்டது, எழுதியதை எழுதியபடி படித்துக் காட்டும் ஒரு தோழி. கைநாட்டு வைக்கும் நம் உறுப்பினர்களுக்கும் அதுதான் தேவை.

(பழைய தமிழ் நாவல்களையும் பத்திரிகைகளையும் பாதுகாத்து வைத்திருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாலவாக்கத்துக்கு அதிக தூரமில்லை, தரமணியில்தான் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சொல்லி வையுங்கள்.)

கண்ணகி கொண்டு போன சாட்சி

கண்ணகி கதை நமக்கெல்லாம் தெரியும். கூத்திலும் சினிமாவிலும் பார்த்திருக்கிறோம். மெரினா கடற்கரையில் சிலையையும் பார்த்திருக்கிறோம். அவர் கோபத்தைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அவர் செய்த காரியத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கோவலன் அரசியின் சிலம்பைத் திருடினான் என்று குற்றம். கண்ணகி அரண்மனைக்குப் போய் அழுதுவிட்டு மட்டும் திரும்பவில்லை. தன் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கப் பரல் என்று சொன்னார். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே சொன்னான். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து உடைத்தார். மாணிக்கம் தெறித்தது. இரண்டு பொருளை ஒப்பிட்டு உண்மையைக் கண்டுபிடிப்பதுதானே துப்பறிதல்?

ஆனால் ஒரு வருத்தம். உண்மை வெளியே வந்தபோது கோவலன் உயிரோடு இல்லை. சாட்சி இருந்தது, நேரம் தாண்டிவிட்டது. நம்முடைய காகிதங்களிலும் இதுதான் நடக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு துப்பறிவது மிகவும் கஷ்டம். போடுவதற்கு முன்னால் துப்பறிவது சுலபம்.

நம் கைக்கு வரும் காகிதங்கள்

பாலவாக்கம், நீலாங்கரைப் பக்கம் ஒரு காலத்தில் சவுக்கும் தென்னையுமாக இருந்த மண். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. 2011-ல் பாலவாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. மண்ணின் விலை எங்கேயோ போய்விட்டது. சாலை ஓரமாகத் தெற்கே உள்ள கிராமங்களிலும் இப்போது அதே பேச்சுதான். விலை ஏற ஏற, கல்யாணமாகிப் போன பெண்களைத் தேடிக் காகிதம் வருகிறது. அதன் பெயர் விடுதலைப் பத்திரம். "அப்பா சொத்தில் எனக்குள்ள பாகத்தை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதித் தருவது.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். ஒரு அக்காவை அண்ணன் கூப்பிட்டார். "வீட்டு மனைக்கு லோன் போடணும், ஒரு கையெழுத்து போதும், பதினைந்து நிமிஷ வேலை" என்றார். அக்கா, "காகிதத்தை ஒரு நாள் கொடுங்கண்ணே, படிச்சுட்டுத் தர்றேன்" என்றார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நகலைக் கொடுத்தார். அக்கா குழுவில் படித்த ஒரு பெண்ணிடம் காட்டினார். வீட்டு மனை மட்டும் இல்லை, ஊர்க் கோடியில் இருந்த நிலத்தின் சர்வே நம்பரும் அதில் இருந்தது. இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீல் அதை விளக்கினார்.

பிறகு அக்கா என்ன செய்தார்? அம்மாவை வைத்துப் பார்ப்பவர் அண்ணன்தான் என்பதால் வீட்டு மனையில் தன் பாகத்தை மனதார விட்டுக்கொடுத்தார். நிலத்தில் தன் பாகத்தை வைத்துக்கொண்டார். அந்த வருஷம் பொங்கல் சீர் வரவில்லை. அண்ணன் வீட்டில் பல மாதம் பேச்சு இல்லை. "அது எனக்கு வலிச்சுது. ஆனா என்ன கொடுத்தேன், என்ன வெச்சுக்கிட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. இதுவும் உண்மை சகோதரிகளே. கேள்வி கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். அதை மறைத்து உங்களுக்குப் பாடம் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. விட்டுக்கொடுப்பது தப்பு என்றும் சொல்லவில்லை. தெரிந்து கொடுத்தால் அது கொடை. தெரியாமல் கொடுத்தால் இழப்பு.

சொத்து மட்டும் இல்லை. நிரப்பாத விண்ணப்பம், தொகை எழுதாத செக், பக்கத்து வீட்டுக்காரர் கடனுக்கு ஜாமீன், குழுவின் தீர்மான நோட்டில் கூட்டம் நடக்காமலே வாங்கும் கையெழுத்து, இவையும் அதே வகைதான். இப்போது பேனாவே தேவையில்லை. மெஷினில் விரல் வைப்பதும் ஒரு கையெழுத்துதான். போனில் வரும் ஓடிபி நம்பரைச் சொல்வதும் கையெழுத்துதான். "ஆதார் சரிபார்க்கிறோம், விரலை வைங்க" என்றால், எதற்கு, எவ்வளவு தொகைக்கு என்று கேட்டுவிட்டு வைக்க வேண்டும்.

துப்பறியும் ஐந்து கேள்விகள்

பர்வீன் கேட்ட கேள்விகளை நமக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறோம். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கை விரல் ஐந்து, கேள்வியும் ஐந்து.

1. இதில் என்ன எழுதியிருக்கிறது? முழுசாகப் படித்துக் காட்டுங்கள். சுருக்கம் போதாது. படித்துக் காட்டுகிறவர் அந்தக் காகிதத்தால் லாபம் அடைகிறவராக இருக்கக் கூடாது.

2. இதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது, எனக்கு என்ன போகிறது?

3. ஏன் இன்றைக்கே? நாளைக்குப் போட்டால் என்ன கெட்டுவிடும்? அவசரப்படுத்துவது ஒரு தடயம்.

4. காலி இடம் இருக்கிறதா? தொகை, தேதி, சர்வே நம்பர் எழுதாமல் இருந்தால் எழுதிய பிறகுதான் கையெழுத்து.

5. எனக்கு ஒரு நகல் எங்கே? நகல் தர மறுத்தால் கையெழுத்துக் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் நம் பக்கம் நிற்கும் சில இடங்களைத் தெரிந்துகொள்வோம்.

கோஷா பெண்கள் எழுதிக் கொடுத்த பத்திரங்கள் பற்றி நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஒரு விதி வைத்திருக்கின்றன. அந்தப் பெண் விஷயம் புரிந்து, தன் இஷ்டப்படிதான் கையெழுத்துப் போட்டார் என்பதை, பத்திரத்தால் பயன் பெறுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் இந்தப் பாதுகாப்பை உச்ச நீதிமன்றம் கொடுத்திருக்கிறது. ஆனால் இதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதற்கு வழக்குப் போட வேண்டும், வருஷக் கணக்கில் அலைய வேண்டும். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்கை, மோசடி தெரிந்த நாளிலிருந்து பொதுவாக 3 வருஷத்துக்குள் போட வேண்டும்.

இந்துக் குடும்பங்களில், அப்பா தானே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பாகம். இது 1956-ம் வருஷச் சட்டம். பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் கல்யாணமானவர், ஆகாதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லா மகள்களுக்கும் உரிமை தந்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்புச் சொன்னது. முன்பே முறைப்படி பாகம் பிரித்து முடிந்த சொத்துக்கு இது பொருந்தாது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. எனவே உங்கள் விஷயத்தை வக்கீலிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

பத்திரப் பதிவு ஆபீசில் சார்பதிவாளர், "இதை எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா?" என்று கேட்பார். அந்த இடத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வராதீர்கள். "படித்துக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். எழுதிக் கொடுத்ததை நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் பதிவு நடக்காது.

நுண்கடன் கம்பெனியில் கடன் வாங்கினால், கடன் அட்டையும் ஒப்பந்தமும் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதி. தமிழில் கேளுங்கள். கேட்பது உரிமை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். 1987-ம் வருஷச் சட்டப்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

குழுவாகத் துப்பறிவோம்

பர்வீனுக்கு ஒரு வசதி இருந்தது, சட்டம் படித்திருந்தார். அந்த மூன்று விதவைகளுக்கோ வெளியே ஒரு ஆளும் இல்லை. நம் நிலைமை வேறு. வாரா வாரம் கூடுகிறோம். பன்னிரண்டு, இருபது பேர் வட்டமாக உட்கார்கிறோம். ஒருத்திக்குப் படிப்பு, ஒருத்திக்குக் கணக்கு, ஒருத்திக்குப் பேங்கு அனுபவம், ஒருத்திக்கு யாரிடமும் தைரியமாகப் பேசும் வாய். இத்தனையும் சேர்ந்தால் எந்தத் துப்பறியும் நிபுணருக்கு நாம் குறைச்சல்?

ஆகவே எங்கள் யோசனை இது. ஒவ்வொரு கூட்டத்திலும் சந்தா, கடன் வேலை முடிந்ததும் பத்து நிமிஷம் "காகித நேரம்" வையுங்கள். வீட்டுக்கு வந்த நோட்டீஸ், கடன் அட்டை, பத்திர நகல் எதுவானாலும் விருப்பம் உள்ளவர்கள் கொண்டுவரட்டும். ஒருவர் படிக்கட்டும், மற்றவர்கள் ஐந்து கேள்வியையும் கேட்கட்டும். அங்கே கேட்ட விஷயம் வெளியே போகக் கூடாது. அடுத்தவர் காகிதத்தைத் தெருவில் பேசினால் அடுத்த வாரம் யாரும் கொண்டுவர மாட்டார்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் இதில் கண்டிப்பாக இருங்கள்.

முதல் முறை கூச்சமாக இருந்தால் குழுவின் காகிதத்திலிருந்தே தொடங்குங்கள். பாஸ்புக்கை எடுத்து வையுங்கள். தீர்மான நோட்டை எடுத்து வையுங்கள். இரண்டிலும் உள்ள தொகை ஒன்றா என்று பாருங்கள்.

கலந்து பேசக் கேள்விகள்

* கடைசியாக நீங்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த காகிதம் எது? அதில் என்ன இருந்தது என்று இப்போது சொல்ல முடியுமா?

* "நம்ம ஆளுதானே, எப்படிப் படிக்கக் கேட்கிறது?" என்ற தயக்கம் உங்களுக்கு யாரிடம் அதிகம் வருகிறது? உறவு கெடாமல் எப்படிக் கேட்கலாம்? இரண்டு பேர் அண்ணன் தங்கையாக நடித்துக் காட்டுங்கள்.

* நம் குழுவில் இன்னும் கைநாட்டு வைப்பவர்களுக்குப் படித்துக் காட்டும் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

* அந்த அக்கா இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? காரணம் என்ன?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு காகிதம் கொண்டுவாருங்கள். நாங்களும் வருகிறோம், சேர்ந்து படிப்போம்.